வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டுகிறவர்

என் மருமகன் பிஸ்கட் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறவர். பதினோரு வருஷமாகத் தினக்கூலி. வாயில் இருந்து வார்த்தை வராது. ஆனால் சனிக்கிழமை லீவு வந்தால் சோப்பும் பழைய துண்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"எங்க மாப்பிள்ளை?"

"ஒருத்தரைப் பார்க்கணும் அத்தை."

சோப்போடு யாரைப் பார்க்கப் போவார்கள்? இன்னொரு குடித்தனம் இருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். என் மகள் சிரித்தாள். நான் விடுவேனா? ஒரு சனிக்கிழமை பின்னாலேயே போனேன். பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசலில் நுழைந்தார். யாரோ நர்ஸு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் கம்பெனியில் புதுச் சட்டம் வந்தது. ஒவ்வொருவரும் ஊருக்கு நாலு மணி நேரம் சேவை செய்ய வேண்டும், செய்தவரைத்தான் நிரந்தரமாக்குவார்களாம். மருமகன் அந்த ஃபாரத்தைத் தொடவே இல்லை. கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. சேவையைக் கவனிக்கிற அதிகாரி, சின்னப் பெண், வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"ஏரிக்கரையில மரம் நடுறோம் பாட்டி. ஒரு மணிக்குள்ள வந்து அஞ்சு வரைக்கும் நின்னா போதும். இல்லேன்னா லிஸ்ட்ல அவர் பேரே இருக்காது."

"வாம்மா, ஆளைக் காட்டறேன்" என்று கூட்டிப்போனேன். குட்டு வெளிப்படட்டும் என்கிற ஆசைதான்.

பின்வாசலுக்குள் நீளமான ஓர் அறை. ஈரத் தரை. கல்மேடையில் ஒரு கிழவர், உயிர் இல்லை, இடுப்பில் துணி. மருமகன் மின்சார அடுப்பில் காய்ந்த தண்ணீரை வாளியில் கலந்து, முழங்கையை நனைத்துச் சூடு பார்த்து, அவர் முதுகில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"லேசாத் திருப்புறேன் ஐயா… அவ்வளவுதான்… முடிஞ்சுது."

வீட்டில் பத்து வார்த்தை பேசாத மனுஷன்! தேடி யாரும் வராத உடல்களை, புதைக்கக் கொண்டுபோகும் முன், ஒன்பது வருஷமாகக் குளிப்பாட்டுகிறாராம், வாசல் காவல்காரர் சொன்னார்.

"வெந்நீர் எதுக்குங்க?" என்றாள் அந்தப் பெண்.

"பச்சைத் தண்ணி ஊத்தினா நமக்கே தூக்கிவாரிப் போடும்ல மேடம்."

"ஃபாரத்துல இதையே எழுதிடலாங்க! ஒரு போட்டோ, அப்புறம் பயனடைஞ்சவர் கையெழுத்து…"

"எழுப்பிக் கேட்டுப் பாரும்மா" என்றேன். அவள் தலையைக் குனிந்து போனைப் பைக்குள் போட்டாள்.

"இது வேணாம் மேடம். சாமிக்குன்னு செய்றதுக்குக் கூலி வாங்கிட்டா, அடுத்த வாரம் எந்த முகத்தோட இங்க வருவேன்?"

"அப்போ மரம் நட வாங்க. இப்பவே கிளம்பணும்."

"தலையும் காலும் பாக்கி இருக்கு. பாதியில எப்படி விடுறது?"

"பதினோரு வருஷம் மாப்பிள்ளை! இவர் காத்திருப்பார்."

"புதைக்க எடுத்துட்டுப் போற வண்டி காத்திருக்காது அத்தை. வர்ற நேரம்தான்."

என் பிடிவாதம் தெருவுக்கே தெரியும். அன்றைக்கு அது எந்தப் பக்கம் திரும்பியதென்று எனக்கே விளங்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் கையிலிருந்த குவளையைப் பிடுங்கினேன்.

"நீங்க போங்க. இவரை நான் பார்த்துக்கறேன்."

"உங்களுக்குப் பழக்கமில்லையே அத்தை…"

"மூணு பிள்ளைக்கும் ஏழு பேரப்பிள்ளைக்கும் தலைக்கு ஊத்தினவ நான். எனக்கே சொல்லித் தர்றீங்களா? கிளம்புங்க!"

தயங்கித் தயங்கிப் போனவர் கதவருகே நின்றார். "காதுக்குள்ள தண்ணி போகாம, அத்தை."

மரம் நட்டார், வேலையும் நிரந்தரமாயிற்று. அது இருக்கட்டும், அந்த அறையைச் சொல்கிறேன். அவர்கள் போனபின் நானும் அந்தப் பெரியவரும்தான். "ஐயா, நான் புதுசு, பொறுத்துக்குங்க" என்றேன். உள்ளங்கையால் காதை மறைத்துக்கொண்டு ஊற்றினேன். நரைமுடி பிறந்த குழந்தையின் முடி மாதிரி விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு போனது. பயம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சந்நிதியில் நிற்கும்போது கேட்க வந்ததெல்லாம் மறந்து வாயடைத்துப் போகுமே, அப்படி நின்றேன்.

வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"இருப்பா!" என்று கத்தினேன். "இவருக்கு இன்னும் கால் கழுவலே."