வாகரை பஸ்ஸில் குறட்டைப் பரிசோதனை

வாகரை பஸ் இன்று காலை டிப்போவை விட்டு நேரத்துக்குக் கிளம்பவில்லை. சாரதிகளுக்குத் தூக்கத்தில் மூச்சு அடைக்கிறதா என்று பார்க்க ஒரு டொக்டர் வந்திருந்தார். பஸ்ஸில் ஏறியிருந்த நாங்கள் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"குறட்டை விடுறீங்களா?"

"இல்ல டொக்டர்" என்றார் எங்கள் சாரதி தம்பிராசா அண்ணன். வேலை போய்விடுமோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது.

பக்கத்தில் நின்ற கொண்டக்டர் ரவிக்குப் பொறுக்கவில்லை. "சுனாமி முகாமில எங்கட கூடாரமும் இவர்ர கூடாரமும் பக்கத்தில பக்கத்தில டொக்டர். இடையில ஒரு துணிதான். குறட்டை திடீரெண்டு நிண்டு போகும். மறுகா மூச்சு வருதா எண்டு முகாமே முழிச்சிட்டுக் கிடக்கும். ஷெல் அடிச்ச காலத்திலகூட நாங்க அப்பிடிக் காது குடுத்துக் கேட்கல்ல."

"கொழும்புக்குப் போய், ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி படுத்துப் பார்க்க வேணும். ராத்திரி மூச்சு அடைச்சா பகல்ல ஓட்டும்போதே கண் சொக்கும். அதுவரைக்கும் பஸ் ஓட்டக் கூடாது" என்றார் டொக்டர்.

டிப்போ அதிகாரி தலையைச் சொறிந்தார். "வேற சாரதி இல்லையே டொக்டர். கொழும்புக்குப் போகும்வரைக்கும் கவனமா ஓட்டட்டும்."

ரவி என்னிடம் வந்தான். "டீச்சர், நீங்க முன் சீட்டுக்கு வாங்க. அண்ணனோட கதைச்சிட்டே இருங்க."

கதைத்தேன். எங்கள் பாடசாலை அதிபரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பனிச்சங்கேணிப் பாலத்தோடு தீர்ந்துவிட்டது. மிச்சத் தூரத்துக்குக் கற்பனை செய்ய வேண்டியதாயிற்று.

நாளையும் அவர்தான் ஓட்டுகிறார். உங்கள் அதிபர்மாரைப் பற்றித் தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். ஒரு பஸ் சனத்தின் உயிர் அதில்தான் தங்கியிருக்கிறது.