மாமா கால் வைக்காத தீவு

என் அக்கா வீட்டுக்காரருக்கு லிஃப்டு ரிப்பேர் பார்க்கிற வேலை. ஆள் ஒல்லி. சட்டைப்பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். பேச்சு கம்மி, பிடிவாதம் ஜாஸ்தி.

ரிப்பேர் முடிந்த லிஃப்டில் யாரையும் உடனே ஏறவிட மாட்டார். காலிக் கூண்டில் தான் மட்டும் உச்சி மாடி வரை போவார். அங்கே கதவு திறக்கும், ஆனால் இறங்க மாட்டார். அப்படியே கீழே வந்த பிறகுதான் "ஏறுங்க" என்பார். கட்டட முதலாளியே வந்து நின்றாலும் இதேதான். மகள் கல்யாணத்தன்று மண்டபத்து லிஃப்டு மக்கர் பண்ணியது. புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டு மனிதர் அதைச் சரிசெய்தார், சந்தோஷம். மாப்பிள்ளை வீட்டார் மொத்தப் பேரும் கீழே வியர்த்து வழிந்துகொண்டு நிற்க, இவர் தன்னந்தனியாக மேலே போய்விட்டு வந்தார். அன்றைக்கு அக்கா முறைத்த முறைப்பில் நானே ரெண்டடி தள்ளி நின்றேன்.

அவர் அதிகம் இருந்தது ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தின் மொட்டை மாடியில், லிஃப்டு மோட்டார் இருக்கும் அறையில். கிரீஸ் வாடை, காது அடைக்கும் இரைச்சல், ஒரு ஸ்டூல், சாப்பாட்டு டப்பா வைக்க ஒரு பலகை. இருந்த ஒரே ஜன்னலில் கடல் தெரியும். கரையோரமாக வரிசையாய்ச் சின்னத் தீவுகள், எல்லாவற்றுக்கும் அப்பால் ஒன்று மட்டும் தனியாக. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டேதான் மதியச் சாப்பாடு. "அங்க ஒரு ராத்திரி தங்கணும் மாப்ள" என்று ஒவ்வொரு கோடைக்கும் சொல்வார். கோடை போய்விடும்.

இந்தக் கோடையில் ரிட்டயர் ஆனார். பேரனைப் பார்த்துக்கொள்ள அக்கா முன்னாடியே மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். இவரும் வீட்டைக் காலி செய்துவிட்டு அங்கேயே போக வேண்டும். அந்த ஊரில் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் டிவியில்தான் பார்க்க வேண்டும்.

அக்கா போன் போட்டாள். "அவரை எப்படியாவது அந்தத் தீவுல ஒரு தடவை இறக்கி விட்டுடுடா. இல்லன்னா இங்க வந்து ஆயுசுக்கும் புலம்பி என் உயிரை எடுப்பாரு."

சரியென்று என் வெல்டிங் பட்டறையைப் பூட்டினேன். மாமாவின் சிநேகிதர், எங்கள் தெருச் சலூன்காரரும் கடையை மூடிவிட்டு வந்தார். துடுப்புப் போட்டு ஓட்டுகிற ஒல்லிப் படகு, கயாக், வாடகைக்கு எடுத்தோம். மாமாவுக்கு ஒற்றை ஆள் கயாக், எங்கள் இருவருக்கும் ரெட்டை. வாடகைக்காரர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "கடைசித் தீவுக்குப் போறதுன்னா விடியக்காலையே கடந்துடுங்க. வெயில் ஏறினா காத்து வந்துடும். அலை மேல வெள்ளையா நுரை தெரிஞ்சா படகை இறக்கவே கூடாது."

முதல் நாள் கரையோரத் தீவுகளின் மறைவில் போனதால் கடல் சாதுவாக இருந்தது. ஆனாலும் தோள் கழன்றுவிட்டது. சலூன்காரர் துடுப்பைத் தண்ணீரில் வைப்பாரே தவிர இழுக்க மாட்டார். "முடி வெட்டுற கைய்யா, மெதுவாத்தான் போகும்" என்றார். சாயங்காலம் வரிசையின் கடைசிச் சின்னத் தீவில் டென்ட் அடித்தோம். எதிரே, திறந்த கடலுக்கு அந்தப் பக்கம், மாமாவின் தீவு. சாப்பிடும்போதும் அவர் கண் அங்கேதான்.

மறுநாள் விடியலில் கடல் கண்ணாடி. டென்டைச் சுருட்டி நானும் சலூன்காரரும் படகில் ஏறப் போனோம்.

"இருங்க. நான் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்றார் மாமா.

"எதைப் பாக்கப் போறீங்க?"

"போற வழி சரியா இருக்கான்னு."

"கடல்ல என்ன மாமா வழி? தண்ணிதான் வழி!"

சலூன்காரர் தலையில் கை வைத்தார். "யோவ் லிஃப்டு, கடல் என்ன அறுந்தா விழப்போகுது?"

காதிலேயே வாங்காமல் போய்விட்டார். வழியில் நீரோட்டம் ஒன்று குறுக்கே போகிறதாம், அதற்குள் போய் அங்கேயும் இங்கேயும் ஓட்டிப் பார்த்திருக்கிறார். அவர் திரும்பிக் கரையேறி, "சரியா இருக்கு, வாங்க" என்றபோது அவர் முதுகுக்குப் பின்னால் கடல் முழுக்க வெள்ளை நுரை. சுருட்டிய டென்டை மறுபடி விரித்தோம். அன்று பகல் முழுக்க மணலில் உட்கார்ந்து காற்றைத் தின்றோம்.

"நாளைக்கு மூணு பேரும் ஒண்ணாக் கிளம்பறோம். பாத்துட்டு வரேன் கீத்துட்டு வரேன்னீங்க, படகு மேலயே படுத்துக்குவேன்" என்றேன்.

"சரி மாப்ள."

அந்த 'சரி'யை நம்பியது என் புத்தி. மூன்றாம் நாள் கண் விழித்தால் அவர் படகு இல்லை. தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தார். "வாங்க, துரத்திப் பிடிப்போம்" என்று சலூன்காரரை எழுப்பி இழுத்து வந்தேன். எங்கள் படகில் துடுப்பு அரைகுறையாகக் கிடந்தது. நடுவில் கழற்றி மாட்டுகிற துடுப்பு அது. எங்கள் துடுப்பு இரண்டிலும் ஒரு பாதியைக் கழற்றித் தன்னோடு எடுத்துப் போயிருக்கிறார்.

சலூன்காரருக்குப் புரிந்துவிட்டது. "லிஃப்டு குழிக்குள்ள இறங்கறப்ப, மேல யாரும் பட்டனை அமுக்கிடக் கூடாதுன்னு ஃப்யூஸைப் பிடுங்கி சட்டைப்பையில போட்டுக்குவான். அதையே நமக்கும் பண்ணிட்டான்யா!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் இருந்த அரைத் துடுப்பால் மணலை அடி அடியென்று அடித்தேன். மணலுக்கு என்ன, அது பேசாமல் கிடந்தது.

காற்று கிளம்பிய பிறகுதான் அவர் வந்தார். சொட்டச் சொட்ட நனைந்து, முகமெல்லாம் சிரிப்பு. அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அதோட கரை வரைக்கும் போயிட்டேன் மாப்ள! அந்தப் பக்கம் நல்ல மணல், படகை ஏத்திடலாம். நிழலுக்கு ரெண்டு மரம் இருக்கு. டென்ட் அதுக்கு நடுவுல அடிச்சுக்கலாம்."

"இறங்கினீங்களா?"

"எப்படி இறங்குவேன்? நீங்க இங்க இருக்கீங்க."

"யோவ்!" மாமா என்பது மறந்து போய்விட்டது. "திரும்பிப் பாருய்யா கடலை!"

திரும்பிப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது. தன் படகில் கட்டி வைத்திருந்த எங்கள் அரைத் துடுப்புகளை அவிழ்த்து, ஒவ்வொன்றாக மாட்டி, இறுகியிருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துக் கீழே வைத்தார்.

"கால் வைக்கவே இல்லையா? அவ்வளவு கிட்டப் போய்?" என்றேன்.

"வெச்சா திரும்பி வரத் தோணாது மாப்ள. அப்புறம் உங்களை யாரு கூட்டிட்டு வர்றது?"

சலூன்காரர் டீயை ஊற்றி அவர் கையில் கொடுத்தார். சாயங்காலம் வரை மாமா அந்தத் தீவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அறுந்துபோகாத டென்ட் கயிற்றையெல்லாம் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் நாங்கள் திரும்பியாக வேண்டும். சாயங்காலம் அவர் வீட்டு வாசலுக்குச் சாமான் லாரி வருகிறது. அன்றைக்குப் பார்த்துக் கடல் மறுபடியும் கண்ணாடி. சலூன்காரரை வைத்துக்கொண்டு நான் ஓட்டுகிற வேகத்துக்கு மூன்று பேரும் போய்த் திரும்பப் பொழுது பத்தாது. அவர் ஒருத்தர் போகலாம்.

"மாமா, நீங்க மட்டும் போங்க. போய் இறங்கி அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு வாங்க. நாங்க இங்கேயே இருக்கோம். லாரிக்காரன்கிட்ட நான் பேசிக்கறேன்."

"போடா லிஃப்டு. உனக்காகத்தான் கடையைச் சாத்திட்டு வந்தோம்" என்றார் சலூன்காரர்.

மாமா கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்தார். துடுப்பைக்கூட எடுத்தார். நான் அவர் படகைத் தண்ணீருக்குத் தள்ளவே ஆரம்பித்துவிட்டேன்.

"தனியா அங்க போய் என்ன பண்றது மாப்ள" என்றார். டென்ட் பையைத் தூக்கித் தன் படகில் திணித்து, படகின் மூக்கைக் கரைப்பக்கம் திருப்பினார்.

நானும் எங்கள் படகில் ஏறினேன். வீடு வந்து சேரும்வரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.