இருபத்திரண்டாம் அதிகாரம்

வேதாகமத்தில் எங்கள் பெரியப்பாவுக்குத் தெரியாத இடமே இல்லை என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவரே பெரியப்பாதான் என்று அப்பா சொல்லுவார். யாராவது ஒரு வசனத்தைச் சொல்லும்போது ஒரு சொல் முன்பின்னாக விழுந்தால் போதும், பெரியப்பாவுக்கு இருப்புக் கொள்ளாது. கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருப்பவரைக்கூட இடைமறித்துத் திருத்திவிட்டுத்தான் ஆமென் சொல்லுவார். அப்படிப்பட்ட மனிதருக்கு முன்னால் ஒன்பது வயதில் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் இருக்கிறது. பட்டணம் அக்கரையில். ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் பதினொன்றுதான்; எங்களுக்கென்று தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கோயில். போதகர் ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்திலிருந்து தோணியில் வந்து ஆராதனை நடத்துவார். யாராவது ஒரு வீட்டில் மத்தியானச் சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவார். சண்டை மறுபடியும் மூண்ட வருஷம் தோணித்துறையில் இராணுவம் காவலரண் போட்டது. போதகரின் வரவு நின்றது. கோயில் பக்கம் போகக்கூடாது என்றும் உத்தரவு வந்தது.

போதகரும் கோயிலும் இல்லாமல் என்ன செய்வது என்று பெரியவர்கள் இரண்டு கிழமை யோசித்தார்கள். பிறகு, தெரிந்ததைத் தெரிந்தவர் சொல்லட்டும், ஒருத்தருக்கொருத்தர் நாமே போதகர் என்று முடிவாயிற்று. ஞாயிறு பின்நேரம் மூன்று மணிக்குப் பெரியப்பா வீட்டு முன்னறையில் கூடுவோம். ஆறு மணிக்கு ஊரடங்கு என்பதால் ஐந்துக்கு முன் முடித்துவிட வேண்டும். பிரசங்கம் பண்ண யாருக்கும் வராது. அதனால் அம்மா பிஸ்கட் வந்த ஒரு தகரப் பேணியை எடுத்து, வசனம் எழுதிய அட்டைகளை அதற்குள் அடுக்கி வைத்தாள். ஒவ்வொருவரும் ஒரு அட்டை எடுக்க வேண்டும். அதை உரத்து வாசித்து, தனக்கு விளங்கியதைச் சொல்ல வேண்டும். ஒருத்தருக்கு வாய் எழும்பாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் அந்த அட்டையை வாங்கி அவருக்காகப் பேச வேண்டும். இந்தக் கடைசி விதியை வைத்தது அப்பா. தன்னுடைய முறை வரும்போது அம்மா பேசிக்கொள்வாள் என்ற துணிவில்தான் அவர் அதை வைத்தார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அச்சடித்த அட்டைகள் கொஞ்சம்தான் இருந்தன. மிச்சத்தை அம்மா பழைய கொப்பி மட்டைகளை வெட்டித் தன் கையால் எழுதியிருந்தாள். பேணியை ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய் நீட்டுவது என் வேலை. அந்த வேலையில் எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

மாமி அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கச்சி. வேப்ப மரத்தின் கீழ் ஊர்ப் பிள்ளைகளை இருத்தி எழுத்துப் பழக்குவாள். நானும் அவளிடம் பழகியவள்தான். அந்த வருஷம் வைகாசியில் மாமா இறால் விற்க, பாலத்தால் சுற்றிச் சைக்கிளில் பட்டணத்துக்குப் போனார். பாலத்தடிக் காவலரணில் அவரை மறித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள் என்று கூடப் போனவர் வந்து சொன்னார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. மாமி முகாம் முகாமாக ஏறி இறங்கினாள். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று எல்லா இடத்திலும் ஒரே பதில். ஆடி மாதத்துக்குப் பிறகு அவள் அலைவதை விட்டாள். வாசல் கதவைச் சாத்திக்கொண்டாள். வேப்ப மரத்தடிப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஞாயிறு கூட்டத்துக்கு மட்டும் அம்மா அவளை இழுத்துக்கொண்டு வருவாள். பேணியை நீட்டினால் ஓர் அட்டையை எடுப்பாள், பார்ப்பாள், ஒன்றும் சொல்லாமல் அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். அவளுக்காக அம்மா பேசுவாள். அட்டையில் ஆறுதல் எழுதியிருந்தாலும் எச்சரிக்கை எழுதியிருந்தாலும் மாமியின் முகம் ஒன்றுபோலவே இருக்கும்.

ஒரு வியாழக்கிழமை எங்கள் குசினியில் இருந்து மாமி அம்மாவிடம் சொன்னாள்:

"இனி நான் வரல்ல மச்சாள். பேணிக்குள்ள இருக்கிற வசனமெல்லாம் ஆருக்கோ எழுதினது. எனக்கெண்டு ஒண்டும் எழுதல்ல."

"அப்பிடிச் சொல்லாத. இந்த ஞாயிறு மட்டும் வா" என்றாள் அம்மா.

"இந்த ஞாயிறு வாறன். அதோட சரி."

மாமி போன பிறகு அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். மாமி கூட்டத்தை விட்டால் கடவுளையும் விட்டுவிடுவாள், கடவுளை விட்டால் உயிரோடு இருக்கமாட்டாள் என்று அப்பாவிடம் சொன்னாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். பெரியவர்கள் சொல்வதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்கிற வயது. மாமிக்கென்று ஒரு வசனம் எழுதாததுதான் குறை என்றால், எழுதிவிட வேண்டியதுதானே என்று எனக்குத் தோன்றியது.

கணக்குக் கொப்பியின் நீல மட்டையை அம்மாவின் அட்டை அளவுக்கு வெட்டினேன். அம்மாவின் எழுத்தைப் போல உருட்டி உருட்டி எழுதினேன். "மகளே, பயப்படாதே. நான் உன் கணவனை வாவிக்கு அக்கரையிலிருந்து கொண்டுவருவேன். மாரி மழைக்கு முன் அவன் உன் வாசலில் நிற்பான்." வாசித்துப் பார்த்தபோது வேத வசனம் போலவே இருந்தது. கடவுளுக்கு ஒரு தவணை வைத்துவிட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

எந்தப் புத்தகம் என்று போடாவிட்டால் பெரியப்பா விடமாட்டார். பெரிய புத்தகங்களெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதனால் பழைய ஏற்பாட்டின் கடைசிப் பக்கங்களில், அதிகம் பேர் திருப்பாத ஒரு சின்னத் தீர்க்கதரிசியைத் தெரிந்தெடுத்தேன். வகுப்பு இடாப்பில் என் எண் இருபத்திரண்டு, வயது ஒன்பது. ஆகவே இருபத்திரண்டாம் அதிகாரம், ஒன்பதாம் வசனம் என்று போட்டேன். அந்தத் தீர்க்கதரிசி பதினாலு அதிகாரத்தோடு நிறுத்திக்கொண்டவர் என்பதைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.

ஞாயிறு வந்தது. மாமி அம்மாவுக்கும் அடுத்த வீட்டு அக்காவுக்கும் நடுவில் பாயில் இருந்தாள். நான் பேணியை நீட்டினேன். மற்ற அட்டைகளைப் பெருவிரலால் அமர்த்திப் பிடித்துக்கொண்டு, நீல மட்டையை மட்டும் அரை அங்குலம் உயர்த்தி வைத்திருந்தேன். வேறு எதையும் எடுக்க அவளால் முடியாது. எடுத்தாள்.

வழமை போல அம்மாவிடம் கொடுத்துவிடுவாள் என்று பயந்தேன். கொடுக்கவில்லை. அட்டையைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் அட்டையைப் பார்த்து, உரத்து வாசித்தாள். மூன்று மாதமாகப் பாட்டுக்கும் ஜெபத்துக்கும் திறவாத வாய் அது; குரல் கரகரத்தது. புத்தகத்தின் பெயரையும், அதிகாரம் இருபத்திரண்டு வசனம் ஒன்பது என்பதையும் பிசகாமல் சொல்லி முடித்தாள்.

அம்மா என்னைத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியப்பா தன் வேதாகமத்தைத் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அது கறுப்புத் தோல் அட்டை போட்ட, தலையணை அளவுப் புத்தகம். அவர் திருப்பினார். முன்னுக்குப் போனார், பின்னுக்கு வந்தார். ஒரு தாளில் விரலை வைத்தபடி நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பவும் போட்டுக்கொண்டு தன் தங்கச்சியைப் பார்த்தார். ஊரே பார்க்க என்னை முன்னுக்கு இழுத்து நிறுத்தப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"ஓம், இருக்கு" என்றார் பெரியப்பா. புத்தகத்தை மூடினார். "நல்ல வசனம். தங்கச்சி, உனக்கு அதில விளங்கினதச் சொல்லு."

மாமி அட்டையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"கொண்டு வாறது அவர்ட வேல. வாசலத் திறந்து வைக்கிறது என்ட வேல. அதத்தான் நான் செய்யாம இருந்திட்டன்."

"ஆமென்" என்றார் பெரியப்பா. எல்லாரும் சொன்னார்கள். அடுத்த வீட்டு அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த வசனத்தைப் பற்றித் தானும் இரண்டு வார்த்தை சொன்னாள். அப்பாகூட அன்றைக்கு அம்மாவின் உதவியில்லாமல் ஏதோ பேசினார்.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் வேதாகமத்தை எடுத்துப் பார்த்தேன். பதினாலாம் அதிகாரத்தோடு அந்தப் புத்தகம் முடிந்துவிட்டது. ஆனால் பெரியப்பா பொய் சொல்கிறவர் அல்ல. அவருடையது தலையணைப் புத்தகம், எங்களுடையது கையளவு. பெரிய புத்தகத்தில் கூடுதலாக இருக்கும் என்று முடிவு செய்தேன். அதோடு, நான் எழுதியதைக் கடவுள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார் என்றால் எனக்கும் அவருக்கும் ஒரே யோசனை என்றல்லவா ஆகிறது. ஒரு கிழமை முழுவதும் நான் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன்.

அன்று பின்நேரமே மாமி வாசலைக் கூட்டிக் கதவைத் திறந்து வைத்தாள். அடுத்த கிழமை வேப்ப மரத்தடியில் நாலு பிள்ளைகள் இருந்தார்கள், அதற்கடுத்த கிழமை பத்துப் பேர். கூட்டத்தில் தன் அட்டையைத் தானே வாசித்தாள். நான் கெட்டிக்காரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசி பிறந்த பிறகுதான் எனக்கு நித்திரை போயிற்று. வானம் கறுக்கும்போதெல்லாம் பாலத்துப் பக்கம் பார்ப்பேன். மாமா வரவில்லை, மழை வந்தது. கடவுள் எழுதியிருந்தால் பொய்த்திருக்காது; அது நான் எழுதியது மட்டும்தான். ஒரு சனிக்கிழமை விடியத் தொடங்கி வாவியும் வயலும் ஒன்றாகும்வரை கொட்டியது. மறுநாள் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். அம்மா அதை நம்பவில்லை. மாமி கூட்டத்துக்கு வரமாட்டாள், என்னால்தான் வரமாட்டாள் என்று அழுதபடியே நனைந்துகொண்டு போனேன்.

மாமி எங்களுக்கு முன்னரே வந்து பாய் விரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கிழமை அடுத்த வீட்டு அக்காவின் மகனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். பேணி வந்தபோது அவளால் அட்டையைப் பிடிக்கவும் முடியவில்லை. மாமி அதை வாங்கினாள். அக்காவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அவளுக்காகப் பேசினாள். என்ன பேசினாள் என்பது எனக்கு ஞாபகம் இல்லை. பெரியப்பா ஒரு இடத்திலும் திருத்தவில்லை என்பது ஞாபகம் இருக்கிறது.

கூட்டம் முடிந்து தாழ்வாரத்தில் மழை விடக் காத்து நின்றபோது மாமியின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"மாமி, அந்த நீல மட்டை வேதத்தில இல்ல. நான்தான் எழுதின."

"தெரியும் புள்ள. உன்ட கையப் புடிச்சு எழுத்துப் பழக்கினது ஆரு?"

"அப்ப ஏன் வாசிச்சீங்க?"

மாமி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ அந்தப் பேணியப் புடிச்சிட்டு நிண்ட நிலயப் பார்த்து, பொய்யெண்டு சொல்லித் திருப்பித் தர மனம் வரல்ல" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பெரியப்பாட்ட மட்டும் சொல்லிராத. அவர் பாவம், கண் மங்கலில எதையோ பார்த்திட்டு இருக்கெண்டு நம்பிட்டார்."

சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். பெரியப்பாவை ஏமாற்றிய இரகசியம் எங்கள் இருவருக்கும் இடையில் முப்பது வருஷம் பத்திரமாக இருந்தது. அந்த மாரிக்கும் மாமா வரவில்லை, அடுத்த மாரிகளுக்கும் வரவில்லை.

பெரியப்பா சண்டையெல்லாம் முடிந்து வெகுகாலம் கழித்து, தள்ளாத வயதில் காலமானார். அவருடைய வேதாகமத்தை மாமிக்குக் கொடுத்தார்கள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மாமி அதை என்னிடம் தந்து, கண் தெரியவில்லை, எதையாவது வாசி என்றாள். நான் விளையாட்டாக அந்தச் சின்னத் தீர்க்கதரிசியைத் திருப்பினேன்.

பதினாலாம் அதிகாரத்துக்குக் கீழே அரைப் பக்கம் வெறுமையாக விட்டிருந்தது. அந்த இடத்தில் பென்சிலால், பெரியப்பாவின் நேரான எழுத்தில், "22:9" என்று போட்டு என்னுடைய வசனம் இருந்தது. ஒரு சொல் பிசகவில்லை. "மாரி மழைக்கு முன்" என்ற மூன்று சொற்களை மட்டும் பிறகொரு நாள் பேனையால் கோடு போட்டு வெட்டியிருந்தார்.

இருக்கு என்று சொல்லிவிட்டார். சொன்னது பொய்யாகக் கூடாது என்று எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு எழுதி வைத்திருக்கிறார். நான் மாமியைத் தாங்குகிறேன் என்று நினைத்தேன். மாமி என்னைத் தாங்கினாள். எங்கள் இருவரையும் பெரியப்பா தாங்கினார். அந்த முன்னறையில் ஒன்றும் தெரியாமல் நின்றவள் நான் ஒருத்திதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமியிடம் சொன்னேன். அவள் விரலை அந்தப் பக்கத்தில் வைத்துத் தடவினாள். "அப்ப அண்ணனுக்கும் தெரியும்" என்றாள். சிரித்தாள். பிறகு, "வாசி புள்ள" என்றாள்.

வெட்டிய சொற்களை விட்டுவிட்டு மிச்சத்தை வாசித்தேன். மாமி ஆமென் சொன்னாள். சொல்லிவிட்டு, முற்றத்துப் பக்கம் முகத்தைத் திருப்பி, வாசல் கதவு திறந்துதானே கிடக்கு என்று கேட்டாள். எழும்பிப் போய்ப் பார்த்தேன். திறந்துதான் கிடந்தது.