சிங்கக் கதை வாத்தியார்

சிங்கம் கதிரையில்தான் இருக்க வேண்டும். அதில் மட்டும் ராஜரத்தினம் வாத்தியார் விட்டுக்கொடுப்பதில்லை.

"ஏறி இரு, கறுப்பையா. நீ இப்ப காட்டுக்கு ராசா. ராசா நிலத்திலை குந்துவானோ?"

தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் கறுப்பையா தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கதிரையின் விளிம்பில் பட்டும் படாமலும் ஒட்டிக்கொள்கிறான். கர்ஜிக்கச் சொன்னால் இருமுகிறான். மலையில் அவன் ஒரு கூப்பாடு போட்டால் அடுத்த தோட்டத்துக்குக் கேட்கும். அந்தக் குரல் கதிரையில் ஏறியதும் எங்கேயோ போய் ஒளிந்துகொள்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபம் கறுப்பையாமேல் இல்லை. "ஆர் உன்னை இப்பிடிப் பழக்கினது?" என்று காற்றைப் பார்த்துக் கேட்பார்.

இலங்கை மலைநாட்டில், ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. கிழமை நாட்களில் அவர் அங்கே பிள்ளைகளின் பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், பெரியவர்களுக்குக் கதை சொல்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆறு வருஷம் ஆகிறது. தச்சன் பென்சில் செருகுவதுபோல் காதில் சோக்கட்டி செருகியிருப்பார். கண்டியிலிருந்து இரண்டு நாள் பிந்தி வரும் பத்திரிகையை நின்றபடியே படித்து, அதனோடு வாய்விட்டுச் சண்டை பிடிப்பார். அந்த நேரத்தில், தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து நாய்கள் கூட அவர் பக்கம் போவதில்லை.

அவர் சொல்வது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். கண்டபடி கொன்று தின்னும் சிங்கத்திடம் மிருகங்கள் போய், "நாளுக்கு ஒருவராக நாங்களே வருகிறோம்" என்று ஒப்பந்தம் செய்கின்றன. ஒரு நாள் முயலின் முறை. அது வேண்டுமென்றே பிந்திப் போய், வேறொரு சிங்கம் வழி மறித்ததென்று சொல்லிக் கிணற்றைக் காட்டுகிறது. சிங்கம் தன் நிழலைப் பார்த்துப் பாய்ந்து சாகிறது.

மற்றவர்கள் கிணற்றுக்கு ஓடுவார்கள். ராஜரத்தினம் வாத்தியார் ஒப்பந்தத்திலேயே நின்றுவிடுவார். "இண்டைக்கு மானின்ரை முறை. அதை மானுக்கு ஆர் சொன்னது? சிங்கம் வீடு வீடாய் வந்ததோ? அது குகையை விட்டு அசையேல்லை!" பிறகு, பழைய கதையில் இல்லாத ஒரு நரியை அவிழ்த்துவிடுவார். விடியற்காலையில் பட்டியலோடு வந்து கதவைத் தட்டும் நரி. மிச்ச எலும்பு அதற்கு. அதன் பெயர் மட்டும் எந்த நாளும் பட்டியலில் வராது.

அந்த நரி கதைக்குள் நுழைந்தது வாக்குரிமை வந்த பிறகுதான். அரசாங்க சபைக்கு ஆள் அனுப்பும் உரிமை, கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கும் பெண்களுக்கும் கிடைத்திருக்கிறது. போட்டி போடுகிற ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறத்தில் பெட்டி. "எல்லாரும் பச்சைப் பெட்டி" என்று, வெள்ளைக்காரத் துரைக்குக் கீழே ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணி சின்னமுத்து ஒரு நாள் பெரட்டில் சொல்லிவிட்டார். ஆளுக்கு இன்ன மலையில் வேலை என்று பிரித்துக் கொடுப்பதுபோல் வாக்கையும் பிரித்துக் கொடுத்தாயிற்று. யாரும் ஏனென்று கேட்கவில்லை. அந்தக் கிழமையே நரி பிறந்தது.

ஆனால் கேட்கிறவர்கள் லேசான ஆட்களில்லை. நாலு பிள்ளை பெற்ற அங்கம்மா, முன்வரிசையில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு, "கெணத்துல தண்ணி இருந்துச்சுங்களா வாத்தியாரே? நம்ம பீலியில குடிக்கவே சொட்டுதான் வருது" என்பாள்.

"இருந்தது, இருந்தது. கதையைக் கேள். இப்ப முயல் ஆர், சொல்லு பாப்பம்?"

"யாருங்க?"

"நீதான்!"

"மொயலுக்கு வாத்தியாரு யாரும் இல்லீங்களே. அதுவாத்தானே ரோசிச்சுச்சு?"

களம் சிரித்து அடங்க நேரமாகும். முயல் தன்னையே மடக்கிவிட்டதென்று வாத்தியாரும் சேர்ந்து சிரிப்பார். அன்று முழுக்க அவருக்கு அதுவே சந்தோஷம்.

அப்படி ஒரு ஞாயிறு, கோட்டும் கடுக்கனும் குடையுமாகச் சின்னமுத்துக் கங்காணியே களத்துக்கு வந்துவிட்டார். எல்லோரும் எழுந்தார்கள். கறுப்பையா கதிரையிலிருந்து குதித்தே விட்டான்.

"என்ன வாத்தியாரே, கதையில நரி ஒண்ணு வருதாமே?"

"ஓம், வருது."

"அதுக்குக் கடுக்கன் போட்டு விட்டீகளாமே?"

"நான் போடேல்லை, கங்காணியார். கேட்ட சனம் போட்டிருக்கும்."

கங்காணியின் கழுத்து நரம்பு புடைத்தது. "முந்நூறு ஆளக் கப்பலேத்திக் கொண்டாந்தவன்யா நானு! என்னையப் போயி நரிங்கிறதா? குடுக்கிறதுன்னா சிங்கத்தக் குடுங்க!"

பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். வாத்தியார் முகம் மட்டும் மாறவில்லை.

"தாறன். ஆனா முடிவிலை சிங்கம் கிணத்துக்குள்ளை விழும். உங்களுக்குச் சம்மதமோ?"

"தொரைக்குத் தெரிஞ்சா வையப் போறாருங்க கங்காணி," என்றாள் அங்கம்மா, மிகுந்த அக்கறையோடு. "தோட்டத்துக்கு ஒரு சிங்கந்தானே இருக்கு?"

அப்போது அடக்கிவைத்த சிரிப்பெல்லாம் வெடித்தது. கங்காணி குடையை விரித்துக்கொண்டு போனார். அன்று மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

புதன்கிழமை துரையின் கடிதம் வந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் நடக்கலாம். பெரியவர்களைத் தோட்டத்து நிலத்தில் கூட்டக் கூடாது; கூட்டினால் இருபத்துநாலு மணி நேரத்தில் வாத்தியார் தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். பெரட்டிலும் சொல்லியாயிற்று: இனி வாத்தியாரிடம் கதை கேட்கப் போகிறவர்களுக்குப் பத்துச்சீட்டு. வேலையும் போகும், லயத்து அறையும் போகும்.

வாத்தியார் கடிதத்தை மூன்று தரம் படித்தார். மேசையில் பிள்ளைகளின் வாசிப்புப் புத்தகம் கிடந்தது. அதே கதை, படத்தோடு, பதினோராம் பாடம். அரசாங்கம் அங்கீகரித்த புத்தகம். ஆறு வயதுப் பிள்ளை அதைப் படிக்கலாம். வாக்குப் போடப்போகும் அந்தப் பிள்ளையின் தாய் அதைக் கேட்கக் கூடாது! "ஒரு முயலுக்குப் பயப்பிடுறாங்கள்!" என்று அவர் கத்தியது அடுத்த லயம்வரை கேட்டது. ஆனால் பத்துச்சீட்டை நினைத்தபோது கடிதத்தை மடித்து அந்தப் புத்தகத்துக்குள் வைத்தார். அவருக்குத் திரும்பிப் போக யாழ்ப்பாணத்தில் வீடு இருக்கிறது. அங்கம்மாவுக்கு அந்த ஓர் அறைதான்.

ஆகவே யாரையும் வரச் சொல்லவில்லை. ஞாயிறு மூன்று மணிக்கு, தோட்டத்தைக் கடந்து போகும் சர்க்கார் ரோட்டில் தனியாகப் போய் நின்றார். அது துரையின் நிலமில்லை. ரோட்டோரத்தில் மழைத் தண்ணீர் ஓடும் காண்; காணுக்கு அந்தப் பக்கம் தேயிலை. தேயிலைக்கு நடுவே குடையோடு சின்னமுத்துக் கங்காணி. லயத்து வாசல்களில் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பனி இறங்கி ரோடு நனைந்தது. அரை மணி நேரம் ஒருவரும் அசையவில்லை.

பிறகு அங்கம்மா மட்டும் இறங்கி வந்தாள். காணின் ஓரத்தில் நின்றாள்.

"அங்கம்மா! அந்தப் பக்கம் கால வச்சே, நாளைக்கு ஒனக்கு வேல இல்ல!"

"நாளைக்கிப் பாத்துக்கலாங்க கங்காணி," என்றாள் அவள். "இன்னிக்கு ஞாயித்துக்கெழமதானே?"

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காணைத் தாண்டி, ரோட்டில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால், தலைத்துண்டை அவிழ்க்காமலே, கறுப்பையா இறங்கிக்கொண்டிருந்தான்.

பத்திரிகையோடு கூடச் சண்டை பிடிக்கிற வாத்தியார் அன்று தோளிலிருந்த சால்வையை எடுத்து உதறி, அவள் இருப்பதற்காக ஈரச் சரளைக்கல்லின்மேல் விரித்தார். பிறகு முழங்காலில் நின்று, அதன் நாலு மூலையையும் இழுத்துச் சுருக்கமில்லாமல் சரிசெய்தார்.