பேச்சுலர்களுக்கு இடமில்லை

பெருநாள் லீவுக்கு குவைத்தின் ஃபர்வானியாவிலிருந்து துபாய்க்குப் போனது பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் கேட்க. சொன்னால் அறையில் கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள் என்று தெரியும். சிரித்தார்கள். "யாழ்ப்பாணத்தானுக்கு உந்த மாட்டுக்காரன் பாட்டு என்னத்துக்கு?" என்றார்கள். ஞாயிறு மத்தியானங்களில் இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவை போட்ட கண்ட்ரி பாடல்களோடு சோறு தின்று வளர்ந்தவன் நான். பாஞ்சோவும் வயலினும் துள்ளும் புளூகிராஸ் இசை அதற்குப் பிறகு பிடித்த பைத்தியம். இத்தனை வருஷமும் காதால் மட்டும் கேட்டது. ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

சிரிக்காதவன் ஒருவன் இருந்தான். பக்கத்துக் கட்டில்காரன், எங்கள் ஊர்ப்பக்கத்தான். பாஞ்சோ எது, மாண்டலின் எது என்று அவனுக்குக் காட்டிக்கொடுத்தவன் நான்தான். அவனும் கூட வந்தான். துபாயில் கராமாப் பக்கம் அவனுடைய உறவுக்காரர் ஒருவரின் அறையில் தங்கினோம்.

முதல் மாலை, புளூகிராஸ் விழாவுக்கு வந்திருந்த குழுக்களில் ஒன்று பூங்காவில் இலவசமாக அரை மணி நேரம் வாசித்தது. ஐந்து பேர், ஒரே ஒரு மைக். யாருடைய முறையோ அவர் முன்னால் வந்து வாசித்துவிட்டு, அடுத்தவருக்கு வழிவிட்டுப் பின்னால் போவார். இடிபடவும் இல்லை, முண்டியடிக்கவும் இல்லை. சத்தம் கூடுவதும் குறைவதும் மைக்கை நோக்கி அவர்கள் வைக்கும் அடியில்தான் இருக்கிறது என்பதை எந்த வானொலியும் எனக்குச் சொல்லவில்லை. கிழவர் ஒருவர் வயலினை நெஞ்சோடு சாய்த்து இழுத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன மச்சான், அழுறியோ?" என்று அவன் முதுகில் தட்டினான். அந்த அரை மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறுக்க மாட்டேன்.

முழுக் கச்சேரி மறுநாள், ஒரு ஹோட்டல் புல்வெளியில். டிக்கெட் முன்பே எடுத்திருந்தோம். நல்ல சட்டை போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு போனோம். வாசலில் நின்ற செக்யூரிட்டி டிக்கெட்டைப் பார்க்கவே இல்லை, எங்களைப் பார்த்தான்.

"பாய், ஃபேமிலி, கப்பிள் ஒன்லி. பேச்சுலர் மாஃபி." தனி ஆண்களுக்கு அனுமதி இல்லையாம்.

எனக்கு ஊரில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் வளைகுடாவில் மனைவி பக்கத்தில் நிற்காத ஆண் எவனும் பேச்சுலர்தான். தாலி கட்டிய கதையெல்லாம் கேட்டில் எடுபடாது.

எங்களுக்குப் பின்னால் ஒரு பிலிப்பைன்ஸ் தம்பதி. கூட வந்திருந்த மனைவியின் தங்கை எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, வேண்டுமானால் ஒருவர் தன்னோடு ஜோடியாக வரலாம் என்றாள். நான் காலை எடுத்து வைப்பதற்குள் அவன் அவள் பக்கத்தில் நின்றான்.

"அஞ்சு நிமிஷம் நில் மச்சான். உள்ள போய் மனேஜரோட கதைச்சுப்போட்டு உன்னைக் கூப்பிடுறன்."

நின்றேன். மடையன், நம்பித்தான் நின்றேன். பிறகு போன் எடுத்தேன், அடித்தது, எடுக்கவில்லை. கார் நிறுத்தும் இடத்தில், ஏசி இயந்திரங்களின் இரைச்சலுக்குப் பக்கத்தில், மதிலோடு ஒட்டி நின்று கேட்டுப் பார்த்தேன். பாஸ் வாத்தியத்தின் தடித்த ஒலி மட்டும் திம் திம் என்று வந்தது. பாஞ்சோ வரவில்லை, வயலின் வரவில்லை. இடையிடையே கைதட்டல் வந்தது. இப்போது யார் மைக்குக்கு முன்னால் வந்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். யாரோ குடும்பத்தோடு காரில் ஏற வந்து, என்னைக் கண்டதும் மனைவியை மறுபக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் அவன் வெளியே வந்தான். தலையில் வைக்கோல் தொப்பி, முகமெல்லாம் வியர்வை.

"மனேஜரைக் காணேல்லை மச்சான்."

பஸ் ஸ்டாப்வரை அவனே பேசிக்கொண்டு வந்தான். கடைசியில் எல்லாக் குழுவும் ஒன்றாக மேடையில் ஏறியதாம், அந்தக் கிழவர் ஆட்டம்கூட ஆடினாராம். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"உதுக்கு ஏன் முகத்தை நீட்டுறாய்? உனக்குத்தான் எல்லாப் பாட்டும் தெரியுமே."