எங்கள் தெருவின் சிவப்பு

அம்மாவின் நினைவு நாள் ஜெபக் கூட்டம் முடிந்து இலை போட்டதும் சித்திக்கு வாய் திறந்துவிடும். "மத்தியானமே அக்காவத் தூக்கிட்டுப் போயிருந்தா இன்னைக்கு இருந்திருப்பா." வருஷா வருஷம் இதே பாட்டு. அப்பா தலை நிமிராமல் சாப்பிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நடந்தது இதுதான். முடிச்சூரில் வெள்ளம் ஏறிய அன்று அம்மாவுக்கு மூச்சுத்திணறல். கரண்ட் போய், மூச்சுக்கு மருந்து கொடுக்கும் மெஷின் நின்றுவிட்டது. வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும். தாம்பரத்தில் ஆஸ்பத்திரி இருந்தது, ஆனால் மத்தியானம் அவர்கள் கிளம்பவில்லை. ராத்திரி தண்ணீர் ஜன்னல் வரை வந்துவிட்டது. விடிவதற்குள் அம்மா போய்விட்டாள். மத்தியானம் வழி இருந்ததா, இல்லையா? எங்கள் குடும்பத்தில் எதைப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் இதில்தான் போய் முட்டும்.

என் பிழைப்பே வெள்ளத்தைக் கம்ப்யூட்டரில் ஓடவிடுவது. இந்த வருஷம் ஆபீசுக்கு வந்த வேலை எங்கள் ஏரியாவே. நிலத்தை வலை மாதிரி சின்னச் சின்னக் கட்டங்களாக நறுக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட வேண்டும். அந்த வலைக்கு மெஷ் என்று பெயர். ஆற்றுக்கு ஒரு மெஷ், அதை என் டீம் லீட் போட்டார். தெருக்களுக்கு இன்னொன்று, அது என்னுடையது. அந்த நாள் மழையையே கொடுத்து ஓடவிட்டோம்.

என்னுடையது முதலில் முடிந்தது. மத்தியான நேரத்தில் நிறுத்திப் பார்த்தேன். எங்கள் தெரு முழுக்கச் சிவப்பு. சிவப்பு என்றால் ஆழம். அப்படியே குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டேன். "பார்த்துக்கோங்க சித்தி, இதுல யாரு போயிருக்க முடியும்?" சித்தி ஒரு கும்பிடு போடும் பொம்மையை அனுப்பிவிட்டு அடங்கிப்போனாள். அப்பா "சரிம்மா" என்று மட்டும் எழுதினார். அன்று எனக்கு இருந்த திமிரைச் சொல்லி மாளாது.

அடுத்த வாரம் ஆறும் முடிந்தது. இரண்டையும் ஒரே திரையில் சேர்த்துத் திறந்தோம். ஆறும் சிவப்பு, தெருவும் சிவப்பு. டீம் லீட் ஓரத்தில் எந்த ஆழத்துக்கு எந்த நிறம் என்று காட்டும் ஸ்கேலைப் பார்த்துவிட்டு, "ரெண்டும் தனித்தனி கலர்ல ஓடுது பாரு, ஒண்ணாக்கு" என்றார். எங்கள் தொழிலில் கத்துக்குட்டி செய்கிற தப்பு இது. ஒவ்வொரு மெஷ்ஷிலும் இருப்பதிலேயே ஆழமான தண்ணீருக்குச் சாஃப்ட்வேர் தானாகச் சிவப்பைக் கொடுத்துவிடும், அது ஒரு சாண் தண்ணீராக இருந்தாலும். இரண்டுக்கும் ஒரே ஸ்கேலை வைத்தேன். ஆறு சிவப்பாகவே நின்றது. எங்கள் தெரு வெளிறி இளநீலமாகிவிட்டது. எங்கள் வீட்டு வாசலில் மவுஸை வைத்துப் பார்த்தேன். முழங்கால் அளவு. தெருமுனை தாண்டினால் அதுவும் இல்லை.

வழி இருந்திருக்கிறது. சித்தி சொன்னதுதான் சரி என்று ஒரு நொடி தோன்றியது பாருங்கள், அதற்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அப்பாவிடம் சொல்லாமலே விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். மனசு கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் லேப்டாப்போடு அப்பா வீட்டுக்குப் போனேன். அப்பா காபி கலந்து வைத்தார்.

"அப்பா, நான் அனுப்பின படம் தப்பு" என்று சொல்லி இரண்டையும் சேர்த்துக் காட்டினேன். கிட்டே வந்து பார்த்தார். கணக்கு வாத்தியாராக இருந்தவர், விளக்கம் தேவைப்படவில்லை.

"முட்டி வரைக்கும்தானே? தெரியும்மா. நான்தான் எறங்கிப் பார்த்தேனே."

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப ஏன்ப்பா போகல? சித்திகிட்ட ஏன் இத்தனை வருஷமாப் பேச்சு வாங்குறீங்க?"

"விடும்மா. காபி ஆறிடப் போகுது."

"சொல்லுங்கப்பா."

அவருக்குச் சொல்ல விருப்பமில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. நான் விடவில்லை. அப்பா திரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

"பக்கத்து வீட்டுத் தம்பி தூக்கிட்டுப் போறேன்னு வந்துச்சு. உங்கம்மாதான் கட்டிலப் புடிச்சிக்கிட்டு வரமாட்டேன்னுட்டா. நீ பள்ளிக்கரணை ஆபீஸ்லேர்ந்து நடந்தே வந்துட்டிருக்கேன்னு போன் பண்ணியிருந்தேல்ல. வீடு பூட்டிக் கெடந்தா புள்ள இந்தத் தண்ணியில எங்க போயி நிக்கும்னு கேட்டா."

அன்று நான் ஆபீசுக்கு அடுத்து வரும் மேடவாக்கத்தைக்கூடத் தாண்டவில்லை. ரோட்டில் தண்ணீரைப் பார்த்து ஆபீசுக்கே திரும்பிவிட்டேன். வரவில்லை என்று சொல்ல எத்தனையோ தடவை கூப்பிட்டேன். லைன் கிடைக்கவில்லை.