எதிர்க்கடைப் புளிச்ச ரொட்டி

மோகனூர்ப் பக்கமிருந்து கரும்பு லாரி ஓட்டி வருகிறவர் ஒருவர் சென்ற மாதம் என் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலேயே செய்தியைச் சொன்னார். "ஏனுங்க, உங்க எதிர்க்கடைக்காரரு போயிட்டாருங்க. எங்கூர்ல அவரு தங்கச்சி ஊட்டுக்கு விருந்துக்கு வந்தவரு, நல்லா உண்டுட்டுக் கட்டல்ல சாஞ்சாரு. பொழுதோட வரக்காப்பிக்கு எழுப்புனா எந்திரிக்கவே இல்லீங்க."

சூடான பன் தட்டு என் கையில் இருந்தது. அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. படுக்கையில் கிடக்கவில்லை, யாருக்கும் பாரமாகவில்லை, பிடித்ததை உண்டுவிட்டுத் தூக்கத்திலேயே போயிருக்கிறார். சாவைக்கூட இவ்வளவு நன்றாக அமைத்துக்கொண்டாரே என்றுதான் எனக்கு முதலில் பட்டது. துக்கம் அதற்குப் பின்னால் வந்தது. அர்த்தனாரி விஷயத்தில் எனக்கு எப்போதும் அந்த வரிசைதான்.

கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்குள் போய் என் மனைவி பாவாயியிடம் சொன்னேன். சாமை புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். "உண்டுட்டுத்தானுங்களே போனாரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதன் பிறகு அழ ஆரம்பித்தாள். அவளுடைய அப்பா இறந்தபோதுகூட அப்படி அழவில்லை. எனக்கு இப்படி அழுவாளா என்று பக்கத்தில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அர்த்தனாரியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும் என்று நம் தொழில் நண்பர்கள் கேட்டார்கள். நல்லதாக எழுத நிறைய இருக்கிறது. எனக்குத் தொல்லையே அதுதான். அவரை அறிந்த உங்களுக்கு இது வியப்பாக இராது.

நாங்கள் இருவரும் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரே பேக்கரியில் மாவு பிசைந்தவர்கள். அங்கே வேலைக்காரர்களுக்குச் சாப்பாடு என்றால் விற்காத பன்னும் டீயும்தான். நாங்கள் எல்லோரும் தின்றுவிட்டு வேலையைப் பார்ப்போம். அர்த்தனாரி மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாவு மூட்டைமேல் சுருண்டு கிடப்பார். பால் ஆகாது, மைதா ஆகாது. பக்கத்துச் சந்தில் களி விற்கிற அம்மாளிடம் போய் ராகிக் களி வாங்கித் தின்று வந்தால்தான் நிமிர்ந்து நிற்பார். "ஊருக்கெல்லாம் ரொட்டி சுடறவன் வவுத்துக்கு ரொட்டி ஆகல பாத்தியா" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அப்போது அவரைப் பார்த்து எனக்குப் பரிதாபம் இருந்தது. பொறாமை இல்லாமல் அவரைப் பார்த்த காலம் அதுதான்.

பிறகு நான் நாமக்கல்லில், சேலம் ரோட்டின்மேல் கடை வைத்தேன். கண்ணாடி அலமாரி, கிரீம் பன், பிறந்தநாள் கேக் எல்லாம் உண்டு. மறு வருடமே அர்த்தனாரி வந்து சாலைக்கு அந்தப் பக்கம் நேர் எதிரே ஒரு கடையைப் பிடித்தார். பெயர்ப்பலகைகூட ஒழுங்காகக் கிடையாது. என்னைப் பார்த்துக் கை அசைத்து, "தெரிஞ்சவன் எதிர்ல இருந்தா பேச்சுத் துணை ஆச்சில்ல" என்றார்.

அந்த நாளில் கள்ளை ஊற்றி மாவைப் பொங்கவைக்கிற வழக்கம் சில பேக்கரிகளில் இருந்தது. கள்ளுக்கடைகள் மறுபடி மூடப்பட்டதும் எல்லோரும் பொட்டல ஈஸ்டுக்கு மாறிவிட்டோம். அர்த்தனாரி மாறவில்லை. கடைசியாகக் கள் ஊற்றிப் புளிக்கவைத்த மாவில் ஓர் உருண்டையை ஊறுகாய் ஜாடியில் எடுத்துவைத்து, அதற்குத் தினமும் மாவும் தண்ணீரும் போட்டு வளர்த்தார். பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி, இன்றைய மாவு நாளைய மாவைப் புளிக்கவைத்தது. கோதுமையை மில்லில் கொடுத்து அரைத்து, தவிட்டைச் சலிக்காமல், கொஞ்சம் கம்பு மாவும் கலந்து, ஒரு பகல் முழுக்க ஊறவிட்டுச் சுட்டார். ரொட்டி கறுத்து, கனத்து, செங்கல் மாதிரி இருந்தது. வாயில் வைத்தால் புளித்தது. தன் வயிற்றுக்கு ஆகிற ஒரு ரொட்டியைத் தானே செய்துகொண்டார், அவ்வளவுதான். அதை விற்பனைக்கும் வைத்ததுதான் எனக்குச் சிரிப்பாக இருந்தது.

"புளிச்ச ரொட்டிய எவன் வாங்குவான்?" என்று கேட்டேன்.

"இட்டிலி மாவு புளிக்கலாம், கம்மங்கூழு புளிக்கலாம், ரொட்டி மட்டும் புளிக்கக் கூடாதா? அவசரத்துல பொங்குன மாவு மீதி வேலைய நம்ம வவுத்துக்குள்ளதான் வந்து முடிக்கும்" என்றார்.

உங்களில் பலர் அந்த வாசகத்தை அவர் வாயால் கேட்டிருப்பீர்கள். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்வார். அடக்கமான மனிதர் என்று இரங்கல் கூட்டத்தில் யாரோ பேசினார்கள். அது பொய். அவர் தன் ரொட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் லாரிக்காரர்கள் நேரம் தவறிப்போய் வண்டியைப் பார்த்து ஓடுவார்கள்.

இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு பாவாயிக்கு உடம்பு இளைக்கத் தொடங்கியது. எதைச் சாப்பிட்டாலும் வயிறு உப்பும், அடிக்கடி வெளியே போகும், வாயெல்லாம் புண். அந்தக் காலத்தில் உடம்பு சரியில்லை என்றால் யாரும் முதலில் சொல்வது ரொட்டியும் பாலும்தான். டாக்டரும் அதையே சொன்னார். பேக்கரிக்காரன் பெண்டாட்டிக்கு ரொட்டிக்கு என்ன பஞ்சம்? என் கையாலேயே பால் ஊற்றிப் பிசைந்து, பஞ்சுபோல் சுட்டுக் கொடுத்தேன். அதைத் தின்னத் தின்ன அவளுக்கு மோசமானது. நாமகிரிப்பேட்டையில் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். அங்கே களியும் சாமைச் சோறும் தின்று முகம் தெளிந்து திரும்பி வந்தாள். வந்த வாரமே மறுபடி படுத்துவிட்டாள்.

ஊர்வாயை மூட முடியுமா? "அம்மா ஊட்ல நல்லா இருக்கறா, இங்க வந்தா படுத்துக்கறா. புருசன் ஊடு புடிக்கல போல" என்று தண்ணீர்க் குழாயடியில் பேசினார்கள். அவள் தம்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல், "அக்காளக் கொஞ்ச நாளைக்கு அங்கயே உட்டுருங்க மச்சான்" என்றான். கொஞ்ச நாள் என்பதற்கு என்ன பொருள் என்று எனக்குப் புரிந்தது. அன்றைக்கு நான் கடையைத் திறக்கவில்லை.

கடை மூடிக் கிடப்பதைப் பார்த்து அர்த்தனாரி சாலையைத் தாண்டி வந்தார். கட்டிலில் கிடந்த பாவாயியைப் பார்த்ததும் அவர் வழக்கமான பேச்சை எல்லாம் விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"என்ன உங்கறீங்க தங்கச்சி?"

"ரொட்டியும் பாலுந்தானுங்கண்ணா. அது ஒண்ணுதான் ஆகும்னு சொல்றாங்க."

"அம்மா ஊட்ல?"

"அங்க ஏதுங்க ரொட்டி? களிதான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, இந்தப் புள்ளைக்கு உன்ற ரொட்டியும் பாலும்தான்யா ஆகல. எனக்கு இருக்கறதேதான் இதுக்கும். ரெண்டையும் நிறுத்திப் பாரு."

அவளைத் தங்கச்சி என்றதால் நான் அவருக்கு மாப்பிள்ளை ஆகிவிட்டேன். அந்த உறவை நான் கேட்கவில்லை. என் ரொட்டி என் மனைவிக்கு ஆகாது என்று என் வீட்டிலேயே உட்கார்ந்து ஒருவர் சொல்கிறார். அவரை வெளியே போகச் சொல்லியிருப்பேன். பாவாயி அவரைப் பார்த்த பார்வைதான் என் வாயைக் கட்டிவிட்டது. தன் நோய் பொய்யில்லை என்று நம்புகிற ஒரு ஆள் வந்துவிட்ட நிம்மதி அதில் இருந்தது.

பாலும் மைதாவும் நின்றன. களியும் கம்மஞ்சோறும் வரகும் வந்தன. வாய்ப்புண் ஆறியது. கொஞ்சம் தேறியதும் அர்த்தனாரி தன் ரொட்டியில் பாதியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். "ஒரு துண்டு மட்டும் தின்னு பாருங்க தங்கச்சி. ஆகலீன்னா தூக்கி எறிஞ்சுருங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்." அவள் தின்றாள். நான் சாயங்காலம் வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில், "அந்த ரொட்டி இன்னொரு துண்டு இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

பல மாதங்களாக அவள் வாயிலிருந்து வராத கேள்வி அது. எனக்குக் கண் கலங்கியது. அதே நேரத்தில் நெஞ்சு எரிந்தது. இரண்டும் ஒன்றாக நடக்கும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது.

அதன் பிறகு நாமக்கல் சேலம் ரோட்டில் நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஒரு பேக்கரிக்காரனின் மனைவி தன் கடை வாசற்படி இறங்கி, சாலையைக் கடந்து, எதிர்க்கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பி வருவாள். சேலையால் மூடிக்கூடக் கொண்டுவர மாட்டாள். "உங்க ஊட்டுக்காரம்மாவே அங்கதான் வாங்கறாங்களாட்ட இருக்குது?" என்று கேட்டுவிட்டு என்னிடம் பன் வாங்குவார்கள். சிலர் கேட்டுவிட்டு வாங்காமலே அந்தப் பக்கம் போவார்கள். அவளைப் பார்த்தே அவருடைய வியாபாரம் கூடியது. எந்த விளம்பரமும் அப்படி வேலை செய்திருக்காது.

நானும் சுட்டுப் பார்த்தேன். மாவைப் புளிக்கவைத்தேன். நாறியது. சுட்டேன். கல்லாக வந்தது. பாவாயி அதில் பாதியைப் பொறுமையாக மென்று, மீதியை மாட்டுக்கு வைத்தாள். மாடும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

நாலைந்து வருடம் கழித்து அர்த்தனாரிக்குக் குடலிறக்கம் கண்டு சேலத்தில் ஆபரேசன் செய்ய வேண்டியதாயிற்று. போகிற அன்று அந்த ஊறுகாய் ஜாடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்து கல்லாமேல் வைத்தார்.

"நான் வர்ற வரைக்கும் இதுக்குச் சோறு போடு மாப்ள. தெனமும் ஒரு கை மாவு, கொஞ்சம் தண்ணி."

"உன் சொந்தக்காரங்க யாருகிட்டயாவது குடு" என்றேன்.

"அவங்க மறந்துருவாங்க. நீதான் தெனமும் இதப் பாத்து வெந்துட்டு இருப்ப. உனக்கு மறக்காது."

வேறு யாராவது அதைக் குத்தலாகச் சொல்லியிருப்பார்கள். அவர் சாதாரணமாக, கடைச் சாவி கொடுக்கிற மாதிரி சொல்லிவிட்டு வண்டியேறிப் போனார். எனக்கும் மறக்கவில்லை. தினமும் மாவு போட்டேன். அவர் சொல்லியிருந்தபடி பகல் முழுக்க ஊறவிட்டு, என் அடுப்பில் அவர் ரொட்டியைச் சுட்டேன். இந்தத் தடவை ரொட்டி சரியாக வந்தது. பாவாயி தின்றாள். நான் காத்திருந்தேன்.

"அண்ணன் சுட்டாப்பலயே இருக்குதுங்க" என்றாள்.

அதைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் வராது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அர்த்தனாரி, என் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு துண்டைப் பிய்த்துத் தின்றார். கடையில் ஆட்கள் நிறைய இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி, "என்னுத விட நல்லா வந்துருக்குதுடா மாப்ள" என்றார். பிறகு ஜாடியைத் தூக்கிக்கொண்டு சாலையைத் தாண்டினார். அதை ரசிக்க என்னால் முடியவில்லை. அவர் சுட்ட ஒன்றைப் பார்த்து என் வாய் அந்த வார்த்தையைச் சொல்லுமா? சொல்லாது. அவர் ரொட்டியைக் கற்றுக்கொண்டேன், இந்த மனசு எனக்கு வரவே இல்லை.

மோகனூரிலிருந்து உடலைக் கொண்டுவந்த அன்று அவர் வீட்டு முன்னால் பந்தல் கொள்ளாத கூட்டம். ஓமலூரிலிருந்து ஒரு நெசவுக்காரர் வந்திருந்தார். தன் மகனுக்குப் பால் ஆகாது என்று கண்டுபிடித்துச் சொன்னவர் இவர்தான் என்றார். ஒரு லாரி டிரைவர், வடக்கே போகும்போதெல்லாம் இந்த ரொட்டியைக் கட்டிக்கொண்டு போவேன், வயிறு தொந்தரவு செய்யாது என்று அழுதார். ஒவ்வொருவரும் தன் வயிற்றுக் கதையைச் சொன்னார்கள். பாவாயி பெண்களுக்கு முன்னால், தலைமாட்டில், மோகனூர்த் தங்கைக்குப் பக்கத்தில், கூடப் பிறந்தவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளை எழுப்பவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து, அவர் மகள் செல்வி கடையைத் திறந்தாள். அப்பாவோடு கூடவே நின்று வேலை பார்த்த பெண்தான். சென்ற வாரம் நானே சாலையைக் கடந்து ரொட்டி வாங்கப் போனேன். இத்தனை வருடத்தில் நான் அந்தப் படி ஏறியது அதுதான் முதல் முறை.

"அப்பா இருக்கறப்ப ஒரு நாளும் வரலீங்களே மாமா" என்றாள் செல்வி.

"பொறாமைதான் சாமி. வேற என்ன" என்றேன்.

அவள் சிரித்தாள். "அப்பாவுக்கும் உங்க மேல பொறாமைதானுங்க மாமா."

"எம்மேலயா? எதுக்கு?"

"பொழுதோட கடை வாசல்ல நின்னு கிரீம் பன்னும் பால் டீயும் சாப்புடுவீங்களே, அப்ப அப்பா இங்கிருந்து உங்களையே பாத்துட்டு இருப்பாருங்க. 'பாரு கண்ணு, எத்தனை தின்னாலும் அவனுக்கு ஒண்ணும் ஆகறதில்ல. கொடுத்து வெச்சவன். ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்கு அந்த வவுறு எனக்கு இருந்தாப் போதும்'னு சொல்லுவாரு. நீங்க தின்னு முடிக்கற வரைக்கும் உள்ள வர மாட்டாருங்க."

நான் ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு லாரி ஹாரன் அடித்த பிறகுதான் சாலையின் நடுவில் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது.

பாவாயிக்கு அர்த்தனாரியைப் பற்றி எல்லாம் தெரியும். எந்தத் தானியம் அவருக்கு ஆகும், எது ஆகாது, எந்தக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டார் என்பதெல்லாம் அவளிடம்தான் சொல்லியிருக்கிறார். செல்வி சொன்ன இந்தச் செய்தியை மட்டும் நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அர்த்தனாரியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். இதை யாராவது அவளுக்குப் படித்துக் காட்டும்வரை அது என்னிடமே இருக்கட்டும்.